ஒரே ஒரு பொய்க்குத்தான் அனுமதி!



இந்த இதழுக்கு என்ன எழுதப் போறேன்னு தமிழ் ஐயா கேட்டாங்க. "மாயாவி, வேதாளம், ரோபோ, வேற்றுக்கிரகவாசி... இவங்களப் பத்தி எழுதட்டுமா ஐயா?" என்றேன். பக்கத்தில் நின்ற நண்பன், "இவன் இந்த வருஷம் தேறமாட்டான் ஐயா" என்றான். ஐயா சிரித்துவிட்டு, "தாராளமா எழுது. ஆனா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும். அதெல்லாம் பொய்தானே, ஏன் படிக்கணும்?" என்றார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில். இரண்டு தாள் கொடுத்தாங்க, நாலு ஆயிட்டு. கீழே உள்ள தாளை ஆறாம் வகுப்புத் தம்பிகள் நின்றபடியே படிக்கலாம். அண்ணன்மார்தான் குனியணும்!

ஆச்சியும் "அப்புறமும்"

எனக்கு முதல் கதாசிரியர் எங்க ஆச்சிதான். சிந்துபூந்துறையில் ஆற்றுக்குப் பக்கத்தில் வீடு. ராத்திரி மாடியில் பாய் விரித்துப் படுத்தால் விக்கிரமாதித்தன் கதை, சுடலைமாடன் கதை, கூடு விட்டுக் கூடு பாய்கிற கதை எல்லாம் வரும். உம் கொட்டாமல் தூங்கினால் ஆச்சிக்குக் கோபம் வந்துரும். நான் உம் கொட்டுறதோட விடமாட்டேன். கேள்வி கேட்பேன்.

"ராஜா கிளி உடம்புக்குள்ள போயிட்டாருன்னா, அவர் உடம்பு அங்க கிடக்குமே, அத யாரு பாத்துக்கிடுவா?"

"அதுதாம்ல கதையே! அந்த ஒடம்புக்குள்ள வேற ஒருத்தன் பூந்துட்டான்."

"அப்புறம்?"

இந்த "அப்புறம்?" என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரைக் கடைசியில் தேவைப்படும்.

எது அறிவியல் புனைகதை, எது மாயக்கதை?

பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நான் வைத்திருக்கிற எளிய கணக்கு இது. "இது எப்படி நடந்தது?" என்று கேட்டால் "மின்சாரத்தால், இயந்திரத்தால், வேதிப்பொருளால்" என்று பதில் சொல்ல முயற்சி செய்தால் அது அறிவியல் புனைகதை. "வரத்தால், மந்திரத்தால், சாபத்தால்" என்றால் மாயக்கதை. பதில் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் கையை நீட்டுகிறது என்பதுதான் வித்தியாசம்.

நல்ல கதை இரண்டு வகையிலும் இருக்கு, மோசமான கதையும் இரண்டு வகையிலும் இருக்கு. அதைப் பிரிக்க நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன்.

ஒன்று: சட்டம் என்ன? அந்த மாயத்துக்கு என்ன விதி?
இரண்டு: விலை என்ன? அதைப் பயன்படுத்துகிறவன் எதை இழக்கிறான்?
மூன்று: அப்புறம் என்ன? அது உண்மையானால் அடுத்து என்னென்ன நடக்கும்?

கதாசிரியருக்கு ஒரே ஒரு பொய்க்குத்தான் அனுமதி. அதைச் சொன்ன பிறகு மற்ற எல்லாம் நேர்மையாக இருக்கணும். இது என்னுடைய கட்சி. இனி ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றுவோம்.

மாயாவியும் மறையாத அல்வாவும்

1972-ல் சிவகாசியிலிருந்து வர ஆரம்பித்த முத்து காமிக்ஸ் தமிழ்நாட்டுப் பையன்களுக்கெல்லாம் இரும்புக்கை மாயாவியை அறிமுகம் செய்தது. மூலம் ஆங்கிலக் காமிக்ஸ். எங்க அப்பா பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கிச் சேர்த்தது இன்னும் பரணில் இருக்கு.

சட்டம் ரொம்பத் தெளிவு. மாயாவி மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். மறையணும்னா கரண்ட் வேணும். (கரண்ட் கட் ஆனால் மாயாவியும் நம்மள மாதிரி விசிறிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்!) ஒரு கை மறையாமல் இருப்பதுதான் கதைக்கே சுவை. முழுசா மறைந்துவிட்டால் பயம் ஏது, மாட்டிக்கொள்வது ஏது?

இதற்கு முன்னோடி எச்.ஜி.வெல்ஸ் 1897-ல் எழுதிய நாவல். அதில் ஒரு விஞ்ஞானி உடம்பை மறைய வைத்துவிடுகிறான். ஆனால் போட்டிருக்கிற துணி மறையாது. ஆகவே குளிர் காலத்தில் துணியில்லாமல் அலைகிறான். சாப்பிட்டது செரிக்கிற வரைக்கும் வயிற்றுக்குள் தெரியும். நம்ம ஊராக இருந்தால் கால் கிலோ அல்வா அந்தரத்தில் தொங்கிக்கொண்டு சந்திப் பிள்ளையார் முக்கைத் தாண்டிப் போயிருக்கும். இதுதான் விலை! வெல்ஸ் எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள்.

ஆனாலும் ஒரு ஓட்டை உண்டு. நாம் பார்ப்பது எப்படி? கண்ணுக்குள் உள்ள விழித்திரை ஒளியை வாங்கிக்கொள்வதால்தான். உடம்பு முழுவதும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் ஒளி விழித்திரையில் நிற்காமல் நேராகப் போய்விடும். ஆக, முழுசா மறைந்த மனிதனுக்குக் கண் தெரியாது! இதை நான் வகுப்பில் சொன்னபோது இயற்பியல் ஆசிரியர் கைகொடுத்தார்கள். மறுநாள் தேர்வில் ஒளியியலில் எவ்வளவு எடுத்தேன் என்பது வேறு விஷயம்.

மணிமேகலையின் பாத்திரம்

மாயக்கதைக்குச் சட்டமே கிடையாது என்று யார் சொன்னது? மணிமேகலை கையில் இருக்கிற அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாது. ஆனால் சும்மா சுரக்காது. கற்புடைய பெண் முதல் பிச்சை இட வேண்டும். ஆதிரை இட்ட பிறகுதான் ஊர்ப் பசி தீர்கிறது. ஹாரி பாட்டர் கதையில் என்ன மந்திரம் போட்டாலும் வெறும் காற்றிலிருந்து சாப்பாடு உண்டாக்க முடியாது, செத்தவரை எழுப்ப முடியாது. ஆயிரத்துச் சொச்சம் வருஷம் இடைவெளி, இரண்டு பேருக்கும் ஒரே ஞானம். எல்லையில்லாத சக்தி கதையைக் கெடுத்துவிடும்.

சிட்டியின் கொள்ளுத்தாத்தா நம்ம ஊர் வழியா வந்தார்

1816-ல் ஐரோப்பாவில் கோடையே சரியாக வரவில்லை. முந்தின வருஷம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்துக் கிளப்பிய தூசும் வாயுவும் வானத்தை மறைத்ததுதான் காரணம். ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடந்த சில நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவர்களில் மேரி ஷெல்லி என்ற 18 வயதுப் பெண் (நம்ம ப்ளஸ் டூ அக்கா வயசு!) எழுதத் தொடங்கியதுதான் ஃபிராங்கென்ஸ்டைன். 1818-ல் வந்தது. உலகின் முதல் அறிவியல் புனைகதை என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அதைத் தமிழில் "பிரேத மனிதன்" என்று கொடுத்தவர் யார் தெரியுமா? நம்ம புதுமைப்பித்தன்! பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம், திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. எத்தனையோ தடவை நாம் சைக்கிளில் போகிற தெருவில் நடந்தவர். அவரே எழுதிய "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுள் சென்னைக்கு வந்துவிடுகிறார். இது மட்டும்தான் பொய். காபி குடிப்பது, பத்திரிகைச் சந்தா பேசுவது, வீட்டுக் குழந்தையோடு விளையாடுவது, பிழைக்க வழி தெரியாமல் முழிப்பது எல்லாம் அசல் நிஜம். என் மூன்று கேள்விக்கும் நூற்றுக்கு நூறு வாங்கின கதை அது.

சரி, ஃபிராங்கென்ஸ்டைனில் என்ன பொய்? பிணத் துண்டுகளைச் சேர்த்து உயிர் கொடுத்துவிட்டான் ஒருவன். அப்புறம்? உண்டாக்கினவனே அதன் முகத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டான். அது கெட்டுப்போனதற்கு அவன் கைவிட்டதுதான் காரணம்.

இப்போது 2010-ல் வந்த எந்திரனை நினைத்துப் பாருங்கள். தீ விபத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. உயிரைக் காப்பாற்றணும் என்று அதற்குத் தெரியும், மானம் என்று ஒன்று இருப்பது தெரியாது. அந்தப் பெண் வெட்கத்தில் ஓடி வண்டியில் அடிபட்டுச் செத்துப்போகிறாள். அந்த ஒரு காட்சிக்காகவே படத்துக்கு நான் விசில் அடிப்பேன். இயந்திரம் கெட்டதால் வந்த ஆபத்து இல்லை அது. சொன்னதை அப்படியே செய்ததால் வந்த ஆபத்து. பிறகு வசீகரன் சிட்டியை உடைத்துக் குப்பையில் போடுகிறார், கதை வினையாகிறது. மேரி ஷெல்லி போட்ட அதே பாதைதான்.

எந்திரனுக்கு எழுதியவர்களில் ஒருவரான சுஜாதா, படம் வெளிவரும் முன்பே 2008-ல் காலமாகிவிட்டார். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு பெற்றவர். அவருடைய "என் இனிய இயந்திரா" 2020-களில் நடப்பதாக 1980-களில் எழுதப்பட்ட கதை. அதில் மனுஷங்களுக்குப் பெயர் இரண்டெழுத்துதான், குழந்தை பெற அரசாங்க அனுமதி வேணும். அந்த வருஷங்களில் நாம் வாழ்ந்தே பார்த்துவிட்டோம், பெயர் இன்னும் நீளமாகத்தான் இருக்கு! ஆனால் ஜீனோ என்ற ரோபோ நாய் புத்தகம் படித்துப் படித்து மனுஷனை விட விவரமாகப் பேசுமே, அது மட்டும் பலித்துக்கொண்டு வருகிறது. மீதிக் கதையைச் சொல்லமாட்டேன். நம்ம நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். அட்டை கிழிந்திருக்கும், கதை முழுசா இருக்கும்.

பாஸ், ஃபெயில்

காலப் பயணத்தில் எனக்கு முதலிடம் 2015-ல் வந்த "இன்று நேற்று நாளை". கால இயந்திரம் கையில் கிடைத்ததும் நம்ம ஆட்கள் என்ன செய்வார்கள்? தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துச் சொல்லி ஜோசியராகிவிடுவார்கள்! அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் போன இடத்தில் ஒரு சின்ன மாற்றம், அதனால் சாக வேண்டிய ரௌடி பிழைத்து வந்து நிற்கிறான். அப்புறம் என்ன என்ற கேள்வியை விடாமல் கேட்ட படம். பாஸ்.

இன்டர்ஸ்டெல்லார் (2014): ஒரு கிரகத்தில் ஒரு மணி நேரம், பூமியில் ஏழு வருஷம். அப்பா திரும்பி வருவதற்குள் பிள்ளைகளுக்கு 23 வருஷம் ஓடிவிடுகிறது. எங்க அம்மா அந்தக் காட்சியில் முந்தானையை எடுத்துவிட்டார்கள். இடத்துக்கு இடம் நேரம் மாறும் என்பது பொய்யே இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் உள்ள கடிகாரம் நம்ம கடிகாரத்தை விட ஒரு நாளைக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி முந்தி ஓடும். அதைக் கணக்கில் கழிக்காவிட்டால் தப்பு நாளுக்கு நாள் ஏறி, போன் காட்டுகிற இடம் கிலோமீட்டர் கணக்கில் விலகிப்போகும். பாஸ் மட்டுமல்ல, டிஸ்டிங்ஷன்.

கலை அரசி (1963): எம்.ஜி.ஆர் படம். இசை கற்றுக்கொள்ள வேற்றுக்கிரகத்துக்காரர்கள் நம்ம பாட்டுக்காரியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அட்டை செட்டுதான், ஆனால் யோசனை அருமை. ஹாலிவுட்டில் வேற்றுக்கிரகவாசி வந்தால் ஊரை இடிப்பான். நம்ம படத்தில் பாட்டுக் கேட்க வருகிறான். பாஸ்!

2.0 (2018): ரஜினி ரசிகர்கள் அடிக்க வராதீர்கள், நானும் முதல் நாள் போனவன்தான். கண்ணுக்கு விருந்து. ஆனால் சட்டம் அரை மணிக்கு ஒரு தரம் மாறிக்கொண்டே இருந்தது. இன்னொரு வருத்தமும் உண்டு. படம் பார்த்த பிறகு, செல்போன் கோபுரத்தால்தான் சிட்டுக்குருவி அழிகிறது என்று எங்க தெருவே பேசியது. அது நிரூபிக்கப்பட்ட விஷயம் இல்லை. ஓட்டு வீடும் பொந்தும் குறைந்தது, முற்றத்தில் தானியம் காயப்போடுவது நின்றது, குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காதது என்று பல காரணம் சொல்கிறார்கள். கதைக்குள் பொய் இருக்கலாம். அது செருப்பு மாட்டிக்கொண்டு தியேட்டரை விட்டு வெளியே வந்துவிட்டால்தான் வம்பு.

ஒரே மலை, இரண்டு பாய்ச்சல்

நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போகும்போது பணகுடி, காவல்கிணறு பக்கம் வலது ஜன்னலில் மகேந்திரகிரி தெரியும். அனுமன் இலங்கைக்குத் தாவிய மகேந்திர மலை இதுதான் என்று நம்ம பக்கம் சொல்வார்கள். அனுமனுக்கும் சட்டம் உண்டு, கவனித்தீர்களா? சாபத்தால் தன் பலம் தனக்கே மறந்திருக்கும், ஜாம்பவான் எடுத்துச் சொன்னால்தான் ஞாபகம் வரும். அவர் காலை ஊன்றி எழும்பும்போது மலையே அழுந்தி நொறுங்குகிறது. மேலே போகணும்னா கீழே தள்ளணும்! இதை வைத்து "நியூட்டன் விதி நமக்கு அப்பவே தெரியும்" என்று நான் சொல்ல வரவில்லை. கதை சொன்னவர் "தாவினா மலைக்கு என்ன ஆகும்?" என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறார். எனக்கு அது போதும்.

அதே மலையடியில்தான் இன்று இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கு. ராக்கெட் இன்ஜினைப் பறந்துவிடாமல் இறுக்கிப் பிடித்து வைத்து எரித்துச் சோதிப்பார்கள். கிரையோஜெனிக் இன்ஜினுக்குத் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில், திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் இருக்கணும். இங்கே சோதித்த இன்ஜின்தான் சந்திரயான்-3 ஏறிய ராக்கெட்டில் போனது. 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் நிலாவில் இறங்கியபோது நம்ம பள்ளியில் எல்லாரும் கை தட்டினோமே! 2019-ல் முந்தைய விக்ரம் விழுந்து நொறுங்கியது. அது ஏன் விழுந்தது, அப்புறம் என்ன செய்யணும் என்று கேட்டுக் கேட்டுத்தான் இது இறங்கியது.

நான் கேட்காமல் விட்ட கேள்வி

இப்போது எழுதப்போவது எனக்குக் கஷ்டமான பகுதி. ஆனால் இதை எழுதாமல் ஐயாவுக்குப் பதில் சொல்ல முடியாது.

2023 டிசம்பர் 17. வெள்ளம் உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை மீறிவிட்டது. சிந்துபூந்துறை வீட்டில் தண்ணீர் ஏறியதால் ஆச்சியும் அத்தையும் மாமாவும் மாடிக்குப் போய்விட்டார்கள். நாங்கள் பாளையில் இருந்தோம். கரண்ட் இல்லை. என் கையில் அம்மா போன், சார்ஜ் 9 சதவீதம். அப்போது ஒரு குரல் செய்தி வந்தது. யார் குரல் என்று தெரியாது. "பாபநாசம் அணை உடைஞ்சிட்டு, எல்லாரும் ஓடுங்க!"

நான் ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை. குடும்பக் குழுவில் போட்டேன்.

அத்தை அதைக் கேட்டார்கள். அணையே உடைந்தால் மாடி எம்மாத்திரம் என்று பயந்து, பத்திரமாக இருந்த மாடியை விட்டு, இருட்டில் ஆச்சியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். கீழ்ப்படியில் சகதி. ஆச்சி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாமா தூக்கிக்கொண்டு திரும்ப மாடிக்கே ஏறினார்கள். விடிந்து பகல் வரைக்கும் முறிந்த கையோடு அங்கேயே இருந்தார்கள். அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. "அது பொய்" என்று போடுவதற்கு எனக்குச் சிக்னலும் இல்லை, சார்ஜும் இல்லை.

நண்பர்களே, ஒரு சினிமாவில் மாயாவிக்குக் கண் தெரியாதே என்று கண்டுபிடித்தவன் நான். 143 அடி அணை உடைந்தால் அப்புறம் என்ன என்று கேட்டேனா? பாபநாசத்திலிருந்து நம்ம ஊர் சுமார் 50 கிலோமீட்டர். தண்ணீர் முதலில் அம்பாசமுத்திரத்தையும் கல்லிடைக்குறிச்சியையும் சேரன்மகாதேவியையும் அல்லவா தொடும்? அம்பாசமுத்திரம் பெரியப்பா அதே குழுவில்தான் இருந்தார்கள். அஞ்சு நிமிஷம் முன்னால்தான், "இங்கே தண்ணி நிறையப் போகுது, நாங்க நல்லா இருக்கோம்" என்று போட்டிருந்தார்கள். என் கண் முன்னாலேயே பதில் இருந்தது. நான் கேள்வியே கேட்கவில்லை.

கட்டுப் போட்ட கையோடு ஆச்சி எங்க வீட்டுக்கு வந்தபோது நான் பக்கத்தில் போகவே வெட்கப்பட்டேன். ஆச்சி திட்டவில்லை. ராத்திரி கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"எய்யா, நான் கதை சொன்னா ஆயிரம் 'அப்புறம்' கேப்பியே. அன்னைக்கு ஏம்ல ஒண்ணு கூடக் கேக்கல?"

ஐயாவுக்குப் பதில்

ஐயா, கதை பொய்தான். ஆனால் "நான் பொய்" என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, "என்னை நம்புகிற மாதிரி நம்பி, கேள்வி கேள்" என்று கூப்பிடுகிற பொய். உண்மை வேஷம் போட்டு வருகிற பொய் கேள்வி கேட்க விடாது, "ஓடு, அனுப்பு" என்று அவசரப்படுத்தும். முதல் வகையில் நிறையப் பழகினால் இரண்டாவது வகை பிடிபடும் என்று நினைக்கிறேன். எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை. பழகினது பத்தவில்லை, அவ்வளவுதான்.

ஆச்சிக்குக் கை சேர்ந்துவிட்டது. முறுக்குப் பிழியத்தான் இன்னும் வலிக்கிறது என்கிறார்கள். நான் பிழிந்து கொடுக்கிறேன். கதை மட்டும் நிற்கவில்லை.

உங்களுக்கு ஒரு போட்டி!

கூடு விட்டுக் கூடு பாய்ந்த ராஜா, கிளி உடம்புக்குள் இருக்கும்போது எந்த மூளையால் யோசிப்பார்? தன் மூளையா, கிளி மூளையா? கிளி மூளை என்றால் அவருக்கு ராஜ்யம் எப்படி ஞாபகம் இருக்கும்? சட்டம், விலை, அப்புறம் மூன்றும் யோசித்து ஒரு தாளில் எழுதி நூலக வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள். சிறந்த பதில் அடுத்த இதழில் இடம்பெறும். பரிசு: எங்க அப்பாவின் மாயாவி புத்தகம் ஒன்று, ஒரு வாரத்துக்கு. (திருப்பித் தரணும். அப்பாவுக்குத் தெரியாது!)



இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு "அ" பிரிவு ரசிகன்